நெய்யூரில் தங்கிவிட்ட எவரெஸ்ட் வீரர்

பாறசாலையை அடுத்த காரக்கோணத்தில் உள்ள சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி டாக்டர் சோமர்வெல் என்ற வெள்ளைக்காரரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் எவரெஸ்டில் ஏறியவர் என்பது அந்த வழியாக பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

தியோடர் ஹோவர்டு சோமர்வெல் 1890-ல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில், பூட்ஸ் கம்பெனி நடத்திய வசதியான குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் படித்து சர்ஜன் ஆனார். முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஓய்வின்றி ஆபரேஷன் செய்தார்.

1922-ல் எவரெஸ்ட் குழுவில் சேர்ந்தார். பனிச்சரிவில் சுமை தூக்கிகள் 7 பேர் மாண்டனர். துரைமார் ஒருவருக்கும் ஆபத்தில்லை. அது அவர் மனத்தை வெகுவாக வாட்டியது. பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தவர், திருவாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். வெளியே நோயாளிகள் கூட்டம் கூட்டமாகக் காத்துக் கிடந்தார்கள். கத்தி பிடிக்க டாக்டர் பியூ ஒருவரே இருந்தார். லண்டனில் காத்திருந்த பெரிய எதிர்காலத்தை உதறிவிட்டு, சோமர்வெல் நெய்யூருக்கே வந்து சேர்ந்தார்.

1924-ல் மீண்டும் எவரெஸ்ட். ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 28,000 அடி வரை ஏறினார். இறங்கும்போது தொண்டையில் சதை அடைத்து மூச்சு நின்றது. சாகத்தான் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், இரு கைகளாலும் நெஞ்சை ஓங்கி அழுத்தினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது. அவர் இரவல் கொடுத்த காமிராவுடன் சிகரத்துக்குப் புறப்பட்ட மல்லோரி திரும்பவேயில்லை.

திரும்பி வந்த சோமர்வெல்லுக்கு நெய்யூரில் வயிறுகள் காத்திருந்தன. தென் திருவாங்கூரில் குடல்புண் மிகுதி. மரச்சீனியும் மிளகாயும்தான் காரணம் என்று பழி சொன்ன காலம். குடல்வால் ஆபரேஷன் என்றாலே வீட்டில் அழுகை கிளம்பும். இதுவோ அதைவிடப் பெரிய வேலை. வயிற்றைத் திறந்து, புண்ணுள்ள இடத்தை விட்டு விலக்கி, இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்துத் தைப்பார். சாப்பிட்டது புண்ணில் படாமல் இறங்கும். ரயில் 1979-ல்தான் இந்தப் பக்கம் வந்தது. அன்று வலியோடு நெய்யூர் போய்ச் சேருவதே பெரும்பாடு. இந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்று ஆஸ்திரேலிய டாக்டர்கள் இருவர் 1982-ல் கண்டறிந்த பிறகு, கத்தியின் வேலையை மாத்திரை எடுத்துக்கொண்டது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் நெய்யூரில் உழைத்தவர், 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். 1956 நவம்பர் 1-ல் நெய்யூர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பாறசாலை கேரளத்தில் நின்றது. அப்போது அவர் வேலூரில் மாணவர்களுக்கு சர்ஜரி கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1961-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1975 ஜனவரி 23-ல் காலமானார். வயது 84.