கொசுவின் வயிற்றில் ரகசியம் கண்ட ராஸ்

விழுப்புரம், திண்டிவனம் வட்டார விவசாயிக்கு மூன்று சிறு பூச்சிகள் பெரும் பகை. நெல் வயலில் தேங்கும் நீரில் பிறக்கும் கொசு, குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சலைக் கொண்டு வரும். மழைக் காலத்தில் ஆட்டுப் பட்டியை மொய்க்கும், கொசுவிலும் சிறிய ஒரு கடி ஈ, ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைத் தரும். நிலக்கடலைச் செடியில் ஒட்டிக்கொள்ளும் இலைப்பேன், மொட்டுக் கருகல் நோயைப் பரப்பும்.

மூன்று நோய்களுக்கும் காரணம் வைரஸ். நோயுற்ற உடலிலிருந்தோ செடியிலிருந்தோ அது பூச்சியின் வயிற்றுக்குள் போகிறது. அங்கே பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. பூச்சி அடுத்த முறை கடிக்கும்போது புதிய உடலில் புகுந்துவிடுகிறது.

பூச்சியின் உடலுக்குள் இப்படி ஒரு பாதை உண்டு என்பதை உலகம் நம்பும்படி செய்தவர் சர் ரொனால்ட் ராஸ். அவர் ஆராய்ந்தது வைரஸ் அல்ல, மலேரியாக் கிருமி. ஆனால் அவர் திறந்த வழியில்தான் பின்னால் வந்தவர்கள் நடந்தார்கள்.

கவியாக விரும்பியவர்

ராஸ் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் 1857 மே 13-ந் தேதி பிறந்தார். தந்தை இந்திய ராணுவத்தில் பெரிய அதிகாரி. பத்துக் குழந்தைகளில் ராஸ்தான் மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

சிறுவனின் ஆசை ஓவியத்திலும் கவிதையிலும் இருந்தது. தந்தையோ மகன் டாக்டராக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வேண்டா வெறுப்பாக வைத்தியம் படித்த ராஸ், 1881-ல் இந்திய மருத்துவ சர்வீசில் சேர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்தார். முதல் சில ஆண்டுகள் கதை, கவிதை, கணிதம் என்றே கழிந்தன.

1883-ல் பெங்களூரில் இருந்தபோது, அவர் தங்கிய வீட்டில் கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுப் புழுக்கள் நெளிவதைக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. மற்றத் தொட்டிகளையும் கவிழ்க்கலாமே என்று யோசனை சொன்னார். அதிகாரி இணங்கவில்லை.

இரண்டு வருஷத் தோல்வி

1894-ல் லண்டனில் டாக்டர் பாட்ரிக் மான்சனை ராஸ் சந்தித்தார். யானைக்கால் நோய்ப் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-லேயே கண்டவர் மான்சன். மலேரியாவிலும் கொசுவுக்குப் பங்கு இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் வரும் என்று அவர் எண்ணினார். கடியினால் வரும் என்பது அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

மறு வருஷம் சிகந்தராபாத்துக்கு வந்த ராஸ், நோயாளிகளைக் கொசுக்கள் கடிக்கச் செய்து, அவற்றை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அவர் பிடித்தவை வேறு ஜாதிக் கொசுக்கள் என்பது அவருக்குத் தெரியாது.

1897-ல் உதகமண்டலம் அருகே சிகூர் மலைச்சரிவுக்குச் சென்றார். அங்கே அவரையே மலேரியா பிடித்தது. வாலைத் தூக்கிக்கொண்டு சுவரில் உட்கார்ந்த புதுவிதக் கொசு ஒன்றும் கண்ணில் பட்டது.

அந்த ஆகஸ்ட் 20

சிகந்தராபாத் திரும்பியதும், இறக்கையில் புள்ளி போட்ட கொசுக்கள் சில கிடைத்தன. உசேன் கான் என்ற மலேரியா நோயாளி அவற்றுக்குத் தம் உடம்பைக் கொடுத்தார். கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் கூலி ஓர் அணா.

கடும் புழுக்கம். அறுத்து வைத்த கொசு பறந்துவிடுமே என்று பங்காவையும் நிறுத்திவிட்டார். வியர்வை சொட்டி மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்திருந்தன. கண்ணாடியிலும் விரிசல். 1897 ஆகஸ்ட் 20-ந் தேதி, மிஞ்சிய கொசுக்களில் ஒன்றின் வயிற்றுச் சுவரில் கரும்புள்ளிகள் கொண்ட உருண்டைகளைப் பார்த்தார். மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது! அந்த நாள் இன்று உலகக் கொசு தினம்.

பாராட்டு வருமுன் மாற்றல் உத்தரவு வந்தது. ராஜபுதனத்தில் கெர்வாரா என்ற ஊர். அங்கே ஆராய்ச்சிக்கு ஏற்ற நோயாளிகள் இல்லை. மாதங்கள் வீணாயின.

1898-ல் கல்கத்தா வந்த பிறகு பறவைகளின் மலேரியாவைக் கையில் எடுத்தார். ஜூலை மாதம் கிருமியைக் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே கண்டார். அந்தக் கொசுக்கள் கடித்த நல்ல பறவைகளுக்கு நோய் வந்தது. தண்ணீர் அல்ல, கடிதான் காரணம் என்பது ருசுவாயிற்று. மனிதனுக்கு மலேரியா தருவது அனாபிலிஸ் கொசு என்பதை இத்தாலியில் கிராசியும் அவருடைய சகாக்களும் அந்த ஆண்டே காட்டினார்கள். முதன்மை யாருக்கு என்ற சச்சரவு ராஸின் மனத்தைக் கடைசிவரை கசக்கச் செய்தது.

1902-ல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்திய மண்ணில் பிறந்த ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை.

கணக்கு சொன்ன பாடம்

பரிசோடு ராஸ் ஓயவில்லை. அவருடைய பழைய கணிதப் பைத்தியம் கைகொடுத்தது. ஓர் ஊரிலுள்ள எல்லாக் கொசுக்களையும் ஒழிக்க வேண்டியதில்லை. ஓர் அளவுக்குக் கீழே குறைத்தால் போதும், நோய் தானாகவே அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். எந்த ஏழைக் கிராமத்துக்கும் நம்பிக்கை தரும் கண்டுபிடிப்பு இது.

இந்தப் பாடத்துக்குத் தமிழ்நாட்டில் பெரிய சோதனை வந்தது. 1955-ல் வேலூரில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பிறகு விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய பழைய தென்னாற்காடு மாவட்டத்தையும் அது வாட்டியது. நாரை, கொக்கு, பன்றி ஆகியவற்றின் ரத்தத்தில் வைரஸ் பெருகும். கியூலெக்ஸ் கொசு அதை மனிதனுக்குக் கொண்டு வரும். பிழைத்த குழந்தைகளிலும் பலருக்கு அறிவும் கைகாலும் பழுதாகிவிடும்.

நெல் வயலை மூட முடியுமா? முடியாது. ஆனால் வயலை எப்போதும் நீரில் வைக்காமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் கொசுப் புழு குறையும். யூரியாவுடன் வேம்பு சேர்த்து இட்டாலும் குறையும் என்று தமிழ்நாட்டு வயல்களில் நடந்த ஆய்வுகள் காட்டின. 2006-ல் இந்தியாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசி இயக்கமும் தொடங்கியது.

ராஸ் 1932 செப்டம்பர் 16-ந் தேதி லண்டனில் காலமானார். வயது 75. பெங்களூரில் ஒரு தொட்டியைக் கவிழ்த்தபோது அவருக்குக் கிடைத்த பாடம் பழையதாகவில்லை. வீட்டுக் கொல்லையில் தேங்கிய நீரைக் கொட்டுகிற ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அவர் வழியில்தான் நடக்கிறார்கள்.