பறவையியல் அறிஞர் சலீம் அலி

நுழையும்முன்

கோயம்புத்தூரின் வடமேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் ஆனைகட்டி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்கு 1990-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் சலீம் அலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மும்பையில் பிறந்த அவருக்கும் கொங்கு நாட்டு மலைகளுக்கும் உள்ள தொடர்பு பறவைகளால் நேர்ந்தது. அழிந்ததாகக் கருதப்படும் பறவை எங்கேனும் எஞ்சியுள்ளதா? அது முன்பு எங்கே வாழ்ந்தது? அதனை மீண்டும் அங்கே வாழவைக்க இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் முதலில் நாடுவது அருங்காட்சியகத்தை. சலீம் அலியின் வாழ்வும் ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறையிலிருந்தே தொடங்கியது.

மஞ்சள்தொண்டைச் சிட்டு

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மும்பையில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த அவரைத் தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியும் அவருடைய துணைவியாரும் வளர்த்தனர். வேட்டையில் நாட்டமுடைய அக்குடும்பத்தில் சிறுவனுக்கு விளையாட்டுத் துப்பாக்கி ஒன்று பரிசாகக் கிடைத்தது. ஒருநாள் அவன் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. அவன் அதுவரை கண்ட சிட்டுகளில் அத்தகைய அடையாளம் இருந்ததில்லை. அதன் பெயர் மாமாவுக்கும் தெரியவில்லை. எனவே, அவர் சிறுவனை மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்கு அனுப்பிவைத்தார்.

அது 1908-ஆம் ஆண்டு. சங்கத்தின் மதிப்புறு செயலாளராக இருந்த மில்லார்டு, அதனை மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று இனங்கண்டு கூறினார். அத்துடன் நில்லாமல், பேழைகளைத் திறந்து இந்தியாவின் பல்வேறு சிட்டுகளையும் சிறுவனுக்குக் காட்டினார். பாடம் செய்யப்பட்ட பறவைகள் இழுப்பறைகளில் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. வெறும் குருவி என்று உலகம் ஒதுக்கும் உயிருக்குள் இத்தனை வேறுபாடுகளா என்ற வியப்பு அச்சிறுவனை ஆட்கொண்டது. பறவைகளின் உடலைக் கெடாமல் பாடம் செய்வதையும் குறிப்பெழுதுவதையும் அவன் அங்கேயே கற்றுக்கொண்டான்.

சீட்டின் அருமை

பாடம் செய்தல் என்பது நுட்பமான பணி. பறவையின் தோலை இறகு கெடாமல் உரித்து, சதையை நீக்கி, பஞ்சால் நிரப்பித் தைப்பர். பின்னர் அதன் காலில் ஒரு சிறு சீட்டைக் கட்டுவர். பறவை கிடைத்த இடம், நாள், அது ஆணா பெண்ணா என்னும் விவரம், சேகரித்தவர் பெயர் ஆகியன அதில் இடம்பெறும். இச்சீட்டு இல்லையேல் அப்பறவை வெறும் காட்சிப் பொருள். இருந்தால் அஃது ஓர் ஆவணம். நூறு ஆண்டுகளுக்குப் பின் காடு வயலாகலாம், வயல் நகரமாகலாம். ஆயினும், இன்ன ஆண்டில் இன்ன ஊரில் இப்பறவை வாழ்ந்தது என்பதற்கு அச்சீட்டே சாட்சி.

பெர்லினும் கிகிமும்

இளமையில் சலீம் அலி பர்மாவில் குடும்பத் தொழிலைக் கவனிக்கச் சென்றார். அங்கும் அவர் மனம் வணிகத்தைவிடக் காட்டையே நாடியது. 1918-ஆம் ஆண்டு தெகமினாவை மணந்தார். 1926-ஆம் ஆண்டு மும்பை வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளராக அமர்ந்தார். ஈராண்டுகளுக்குப்பின் விடுப்பெடுத்து, செருமனி சென்று, பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்டிரெசமனிடம் பயிற்சி பெற்றார். ஓர் இனத்தின் பல பறவைகளை அருகருகே வைத்து நிறம், அளவு, வாழிடம் ஆகியவற்றை ஒப்பிட்டு முடிவுக்கு வரும் முறையை அங்கே நன்கு கற்றுத் தேர்ந்தார்.

1930-இல் தாயகம் திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அவர் வகித்த பதவி நீக்கப்பட்டிருந்தது. வேலையிழந்த அவர் மும்பையை அடுத்த கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. அவற்றை அவர் நாள்தோறும் உற்றுநோக்கிக் குறித்துவந்தார். ஆண்குருவி பாதிவரை கட்டிய கூட்டைப் பெண்குருவி வந்து பார்வையிட்டு ஏற்றுக்கொண்ட பின்னரே அது முழுமை பெறுகிறது என்பதையும், ஓர் ஆண் அடுத்தடுத்துப் பல கூடுகளைக் கட்டிப் பல இணைகளைக் கொள்கிறது என்பதையும் கண்டறிந்தார். இழுப்பறையில் உள்ள பறவை தன் உருவத்தைக் காட்டும். தன் வாழ்க்கையைச் சொல்லாது. இவ்வுண்மையைக் கிகிம் அவருக்கு உணர்த்தியது.

மலைநாட்டுக் கணக்கெடுப்பு

இந்தியாவின் பல பகுதிகளில் எந்தெந்தப் பறவைகள் வாழ்கின்றன என்பதற்கு அந்நாளில் முறையான பதிவுகள் இல்லை. பயணச் செலவை மட்டும் ஏற்றால் போதும், ஊதியமின்றி உழைக்கிறேன் என்று சுதேச அரசுகளுக்குச் சலீம் அலி முன்வந்து தெரிவித்தார். ஐதராபாத்து அரசின் பகுதிகளை முதலில் ஆய்ந்தார். 1933-ஆம் ஆண்டு திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் மலைகளில் ஆய்வு மேற்கொண்டார். தெகமினா காட்டு முகாம்களில் உடனிருந்து துணைபுரிந்தார்.

இன்று பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகச் சென்றடையும் பரம்பிக்குளம் அவ்வாய்வின் களங்களுள் ஒன்று. ஆனைமலைக்கு அப்பாலுள்ள அம்மழைக்காடுகளில் அவர் திரட்டிய பறவைகளை இங்கிலாந்தில் இருந்த ஹியூ விஸ்லர் பழைய சேகரிப்புகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். களத்தில் கண்டதும் பேழையில் கண்டதும் இணைந்து திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைப் பற்றிய விரிவான ஆய்வாக வெளிவந்தன. மேற்கு மலைத்தொடரின் இப்பகுதியில் எப்பறவை பெருகியது, எது குறைந்தது என்று இன்று ஆராய்வோர்க்கு அப்பதிவுகளே அடிப்படை அளவுகோலாக உள்ளன.

1939-ஆம் ஆண்டு தெகமினா மறைந்தார். பெருந்துயரிலும் சலீம் அலியின் பணி தொடர்ந்தது. 1941-இல் அவர் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் எளிய மக்களையும் பறவை நோக்குவோராக மாற்றியது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வெளிவந்தது.

காணாமற்போன பறவைகள்

அருங்காட்சியகங்களில் பாடம் செய்த உடல்கள் இருந்தும் காட்டில் காணக்கிடைக்காத பறவைகள் சில இருந்தன. இமயமலைக் காடை 1876-ஆம் ஆண்டுக்குப்பின் உறுதியாகக் காணப்படவில்லை. சலீம் அலி அதனைத் தேடியும் பயனில்லை. பின் என்பாரின் பெயர்கொண்ட தூக்கணாங்குருவி வகையையோ அவர் குமாவுன் மலையடிவாரத்தில் மீண்டும் கண்டார்.

ஜெர்டன் கல்குருவியின் கதை வேறு. தரையில் ஓடித்திரியும் இப்பறவையை 1848-ஆம் ஆண்டு மருத்துவர் ஜெர்டன் உலகுக்கு அறிவித்தார். 1900-க்குப்பின் எவரும் அதனைக் காணவில்லை. பழைய சீட்டுகள் அதன் வாழிடமான கிழக்கு மலைத்தொடர்ப் பகுதியைச் சுட்டின. ஆனால், அஃது இரவில் இரைதேடுவது என்பதை எந்தச் சீட்டும் சொல்லவில்லை. 1986-ஆம் ஆண்டு சனவரியில், ஆந்திரத்தின் கடப்பை மாவட்டப் புதர்க்காட்டில் உள்ளூர் மக்களின் துணையோடு மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வாளர் அதனை மீண்டும் கண்டறிந்தார். தொண்ணூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த சலீம் அலிக்கு அந்நற்செய்தியைக் கேட்கும் பேறு வாய்த்தது.

பொய்ச்சீட்டு

வனச் சிற்றாந்தையைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1873-இல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் அறிமுகப்படுத்திய இவ்வாந்தையின் உடல்கள் உலக அருங்காட்சியகங்கள் அனைத்திலும் சேர்த்து ஏழே இருந்தன. அவற்றுள் ஆறு 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஏழாவதை மட்டும் 1914-ஆம் ஆண்டு குசராத்தின் மாண்டவியில் சேகரித்ததாக ரிச்சர்டு மைனர்ட்சகன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி சீட்டெழுதியிருந்தார். புகழ்பெற்ற பறவையியலாளராகக் கருதப்பட்ட அவருடன் சலீம் அலி 1937-இல் ஆப்கானித்தானம் வரை பயணம் செய்திருந்தார். அச்சீட்டை உலகம் நம்பியது. சலீம் அலி, ரிப்ளி முதலியோர் தேடியும் ஆந்தை கிடைக்கவில்லை. அது முற்றிலும் அழிந்துவிட்டதென்று பலரும் முடிவு செய்தனர்.

சலீம் அலி மறைந்து பத்தாண்டுகளுக்குப்பின் அமெரிக்க ஆய்வாளர் பமேலா ராஸ்முசன் அவ்வேழு உடல்களையும் நுணுகி ஆராய்ந்தார். பாடம் செய்வோர் ஒவ்வொருவருக்கும் கையெழுத்தைப்போலத் தனிப் பாணி உண்டு. மைனர்ட்சகனின் ஆந்தையில் வேறொருவரின் கைப்பாணி ஒளிந்திருந்தது. 1880-களில் மேற்குக் காந்தேசத்தில் ஜேம்சு டேவிட்சன் சேகரித்த ஆந்தை அது. அருங்காட்சியகத்திலிருந்து களவாடப்பட்டு, மறுபடி தைக்கப்பட்டு, பொய்ச்சீட்டு கட்டப்பட்டிருந்தது. மாண்டவி என்னும் குறிப்பை விலக்கிவிட்டு, மெய்யான சீட்டுகள் காட்டிய இடங்களில் ராஸ்முசனும் தோழர்களும் தேடினர். 1997-ஆம் ஆண்டு நவம்பரில், மகாராட்டிரத்தின் சாகாதா நகரை அடுத்த காட்டில், 113 ஆண்டுகளாகக் காணாத ஆந்தை கண்முன் அமர்ந்திருந்தது.

ஒரு சீட்டில் எழுதிய ஒரு பொய், ஓர் உயிரினத்தைத் தேடியோரைப் பல்லாண்டுகள் திசைதிருப்பியது. மெய்யான சீட்டுகள் அதே உயிரினத்தை உலகுக்கு மீட்டுத் தந்தன. ஊதியமின்றி அலைந்து, நாளும் இடமும் பிழையறக் குறித்துவந்த சலீம் அலியின் உழைப்பின் பெருமை இங்கே விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

பைரி என்னும் வல்லூறு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேகமாகக் குறைந்தபோது, அருங்காட்சியகங்களில் இருந்த பழைய முட்டையோடுகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டனர். டி.டி.டி. பூச்சிக்கொல்லி பரவிய காலத்திலிருந்து ஓடுகள் மெலிந்திருப்பது தெரியவந்தது. அமெரிக்கா 1972-இல் அதன் பயன்பாட்டைத் தடை செய்தது. கூண்டில் வளர்த்த பைரிகளைப் பின்னர் மலைமுகடுகளில் விடுவித்தனர். அவை மீண்டும் பெருகின.

கொங்கு நாட்டின் பாறுகள்

பவானிசாகரில் பவானியோடு கலக்கும் மாயாற்றின் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகளும் கருங்கழுத்துப் பாறுகளும் வாழ்கின்றன. இறந்த விலங்குகளை உண்டு காட்டைத் தூய்மை செய்யும் இப்பறவைகள் 1990-களில் இந்தியா முழுவதும் பெருமளவில் மடிந்தன. கால்நடைகளுக்குச் செலுத்திய டைக்குளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்தே காரணம் என்று கண்டறிந்தபின், 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. அரியானாவின் பிஞ்சோர் முதலிய இடங்களில் இனப்பெருக்க மையங்கள் அமைந்தன.

இங்கும் அருங்காட்சியகமே வழிகாட்டியது. ஒரே இனம் என்று கருதப்பட்ட நீண்ட அலகுப் பாறுகள் உண்மையில் இரண்டு இனங்கள் என்பதை, பாடம் செய்த உடல்களின் அலகு, தலையோடு ஆகியவற்றை ஒப்பிட்டு 2001-ஆம் ஆண்டு நிறுவினர். அதனால் அவ்விரண்டையும் தனித்தனியே வளர்க்கவேண்டும் என்பது தெளிவாயிற்று. வேறுபாடறியாமல் கலந்து வளர்த்திருந்தால், காட்டில் விடுவிக்கும் பறவை எவ்வினத்திற்கும் உரியதாகாமல் போயிருக்கும். பறவையை வளர்த்து விடுவது மட்டும் போதாது. அதனை அழித்த காரணமும் நீங்கவேண்டும். மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறுகள் பிழைத்திருக்க, அதனைச் சூழ்ந்த ஊர்களின் கால்நடை மருத்துவமும் தூயதாக இருத்தல் வேண்டும்.

நிறைவு

பரத்பூர்ப் பறவைகள் புகலிடத்தையும் அமைதிப் பள்ளத்தாக்கையும் காக்கச் சலீம் அலி குரல்கொடுத்தார். பத்மபூசண், பத்மவிபூசண் விருதுகளைப் பெற்றார். 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987-ஆம் ஆண்டு சூன் 20-ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்து ஆனைகட்டியில் அவர் பெயரால் மையம் உருவாயிற்று. அவர் பரம்பிக்குளத்தில் குறித்துவைத்த பறவைகள் இன்றும் அம்மலைகளில் கூவுகின்றனவா என்பதை அறிய, ஆய்வாளர்கள் அவருடைய பதிவுகளைக் கையிலேந்தியே காட்டுக்குள் செல்கின்றனர்.

கற்பவை கற்றபின்

1. கோயம்புத்தூர் வனக் கல்லூரி வளாகத்திலுள்ள, 1902-இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தையோ உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அருங்காட்சியகத்தையோ பார்வையிட்டு, அங்குள்ள ஐந்து உயிரினங்களின் சீட்டுகளில் உள்ள விவரங்களைத் தொகுத்து எழுதுக.

2. உங்கள் ஊரில் முன்பு மிகுதியாக இருந்து இன்று குறைந்துவிட்ட பறவைகளைப் பற்றி மூத்தோரிடம் கேட்டு, இடம், காலம், சொன்னவர் பெயர் ஆகியவற்றுடன் பதிவு செய்க.