டேபிள் வாங்கும் முன் ஹென்றி மாட்ஸ்லேயைத் தெரிஞ்சுக்கோங்க

வொர்க்‌ஷாப்புக்கு ஒரு சிஎன்சி பிளாஸ்மா கட்டிங் டேபிள் வாங்கணும், நீங்கதான் தேர்வு செய்யணும்னு வெச்சுக்கோங்க. முதல்ல எதைப் பார்ப்பீங்க? எத்தனை ஆம்பியர், எவ்வளவு தடிமன் வெட்டும், ஸ்க்ரீன் எவ்வளவு பெரிசு, இதுதானே? ஹென்றி மாட்ஸ்லே உங்களோடு வந்திருந்தால் குனிந்து ரெயிலையும் ஃப்ரேமையும்தான் முதலில் பார்த்திருப்பார். ஏன்னு அவர் வாழ்க்கையே சொல்லும்.

1771-ல் லண்டனை அடுத்த வூலிச்சில் பிறந்தவர். 12 வயதில் ஆயுதச்சாலையில் தோட்டாக்களுக்கு மருந்து நிரப்பும் வேலை. பிறகு தச்சு வேலை, அதன்பின் கொல்லுப்பட்டறை. இன்ஜினியரிங் படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் கைத்திறமை ஊரெல்லாம் பேசப்பட்டது. 18 வயதில் ஜோசப் பிராமா கூப்பிட்டுக்கொண்டார். பிராமா கண்டுபிடித்த பூட்டைத் திறப்பது கஷ்டம், அதைச் செய்வது அதைவிடக் கஷ்டம். அதன் பாகங்களைச் செய்யும் மெஷின்களை உருவாக்கியவர் மாட்ஸ்லேதான்.

கல்யாணமாகி குடும்பம் பெருகியது. சம்பளம் வாரம் 30 ஷில்லிங். 1797-ல் கூடுதலாகக் கேட்டார், பிராமா மறுத்துவிட்டார். வேலையை விட்டுவிட்டு, லண்டனில் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை போட்டார்.

அந்தக் காலத்தில் லேத்தில் வேலை செய்பவர் டூலைக் கையில்தான் பிடிப்பார். ஒரு போல்ட்டுக்குச் செய்த நட் இன்னொரு போல்ட்டில் ஏறாது. மாட்ஸ்லே டூலை ஸ்லைடு ரெஸ்ட்டில் பொருத்தினார். அதை நகர்த்த ஒரு லீட் ஸ்க்ரூ, அந்த ஸ்க்ரூவைச் சுழலும் வேலைப்பொருளோடு இணைக்க கியர்கள். கியரை மாற்றினால் பிட்ச் மாறும். இவற்றில் சில, தனித்தனியாக, அவருக்கு முன்பே இருந்தவைதான். எல்லாவற்றையும் உறுதியான இரும்பு உடம்பில் சேர்த்து, நம்பி வேலை செய்யக்கூடியதாக ஆக்கியதுதான் அவர் சாதனை. நம்ம சிஎன்சியில் அந்த கியர் செய்த வேலையை இப்போ கன்ட்ரோலர் செய்யுது, அவ்வளவுதான்.

அடுத்து போர்ட்ஸ்மவுத் கப்பல் தளம். மார்க் புருனெல் வடிவமைத்த, கப்பல் கயிற்றுக் கப்பி செய்யும் மெஷின்களை மாட்ஸ்லே செய்து கொடுத்தார். 110 கைவினைஞர்கள் செய்த வேலையை 10 பேர் செய்தார்கள். வருடத்துக்கு 1,30,000 கப்பிகள். மீதி 100 பேரின் பிழைப்பு என்ன ஆனது என்றும் யோசிங்க.

அவர் பட்டறையில் தொழிலாளிகளின் மேசையில் சர்ஃபேஸ் பிளேட் இருக்கும். பரப்பு சமமா இல்லையா என்பதை அவரவரே சோதிக்கலாம். அளவில் சண்டை வந்தால் தீர்ப்பு சொல்ல ஒரு மைக்ரோமீட்டர். அங்குலத்தில் 10,000-ல் ஒரு பங்கு வரை அளக்கும் அதற்கு லார்டு சான்சலர் என்று பெயர் வைத்திருந்தார். நாம் லேபில் படிக்கிற விட்வொர்த், நாஸ்மித் எல்லாம் அங்கே வேலை செய்தவர்கள்தான். 1831-ல், 59 வயதில் இறந்தார்.

இப்போ உங்க டேபிளுக்கு வாங்க. டார்ச் எவ்வளவு நல்லதா இருந்தாலும், அதைச் சுமக்கும் கேன்ட்ரி ஆடினால் வெட்டும் ஆடும். டெமோவில் ஒரு பெரிய சதுரம் வெட்டச் சொல்லி இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்க. வித்தியாசம் இருந்தால் டேபிள் செங்கோணத்தில் இல்லை. அப்புறம் ஒரு வட்டம். அச்சு திசை மாறும் இடங்களில் படி மாதிரி தெரிந்தால் பேக்லாஷ் இருக்கு. விற்பவர் ஆம்பியர் பற்றிப் பேசட்டும். டேப்பும் மட்டப்பலகையும் உங்க கையில் இருக்கட்டும்.