கிறிஸ்துமஸ் தாத்தா பனி நாட்டுக்காரரா? யார் இந்த புனித நிக்கோலஸ்?

டிசம்பர் வந்தாச்சு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ராயகிரியில் ஒரு குழந்தையிடம் கேட்டாலும் சிவப்பு அங்கி, வெள்ளைத் தாடி, கையில் மிட்டாய்ப் பை என்று கிறிஸ்துமஸ் தாத்தாவை அப்படியே சொல்லிவிடும். எந்த ஊர்க்காரர் என்றால், பனி கொட்டும் நாடு என்றுதான் பதில் வரும். ஆனா, நிஜத் தாத்தா பிறந்தது வெயில் காயும் கடலோர ஊரில்!

இன்றைய துருக்கியின் தெற்குக் கடற்கரையில் இருந்த துறைமுகம் பதாரா. 3-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே வசதியான வீட்டில் நிக்கோலஸ் பிறந்தார் என்பது மரபு. சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்தார். சொத்து கைக்கு வந்தது. பிறகு பக்கத்து நகரமான மீராவின் பிஷப் ஆனார். 343-ல் டிசம்பர் 6 அன்று இறந்ததாகச் சொல்கிறார்கள். அவர் எழுதியதாக ஒரு வரிகூட இன்று இல்லை. முழு வாழ்க்கைக் கதையே பல நூற்றாண்டுகள் கழித்துதான் எழுதப்பட்டது.

மூன்று பெண்கள், மூன்று பை

அந்தக் கதைகளில் முக்கியமானது வரதட்சணைக் கதை. ஆமாம், வரதட்சணைதான்.

நொடித்துப்போன ஒருவருக்கு மூன்று பெண்கள். சீர் கொடுக்கப் பணம் இல்லாததால் கல்யாணம் நடக்கவில்லை. பெண்களைப் பாலியல் தொழிலுக்கு அனுப்பும் அளவுக்கு நிலைமை மோசமானது. விஷயம் நிக்கோலஸ் காதுக்கு வந்தது. பகலில் போய்க் கொடுத்தால் அந்த மனுஷனுக்கு ஊர் நடுவே அவமானம். அதனால் ராத்திரியில் ஜன்னல் வழியே ஒரு பை தங்கக்காசைப் போட்டுவிட்டு நழுவினார். மூத்தவளுக்குக் கல்யாணம் முடிந்தது. அடுத்தவளுக்கும் அப்படியே. மூன்றாவது முறை, யார் என்று பார்க்க அப்பா தூங்காமல் காத்திருந்து, ஓடிப்போய்ப் பிடித்துவிட்டார். காலில் விழுந்தவரிடம் நிக்கோலஸ் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: தான் உயிரோடு இருக்கும்வரை இதை யாரிடமும் சொல்லக் கூடாது.

1961-லேயே வரதட்சணையைச் சட்டம் போட்டுத் தடை செய்த நம்ம நாட்டில், அந்த அப்பாவின் தவிப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பிஷப் தாத்தா ஆனது எப்படி?

ராத்திரி, ரகசியம், பரிசு. இந்த மூன்றும்தான் பிற்காலத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நெதர்லாந்தில் அவர் சிண்டர்கிளாஸ். டிசம்பர் 5 இரவு அங்கே குழந்தைகளுக்குப் பரிசு கிடைக்கும். அந்தப் பெயர்தான் அமெரிக்கா போய் சான்டா கிளாஸ் ஆனது. 1809-ல் வாஷிங்டன் இர்விங் எழுதிய நியூயார்க் பற்றிய நையாண்டிப் புத்தகத்தில் நிக்கோலஸ் வந்தார். 1823-ல் ட்ராய் நகரப் பத்திரிகை ஒன்றில் பெயர் போடாமல் வந்த கவிதை, அவருக்கு எட்டு கலைமான்களைப் பூட்டிய வண்டியைக் கொடுத்தது. கிளமென்ட் மூர் எழுதியது என்பார்கள். 1863 முதல் தாமஸ் நாஸ்ட் வரைந்த படங்களில் தொந்தியும் தாடியும் நிலைத்தன.

சிவப்பு உடையை மாட்டிவிட்டது கோகோ கோலா என்று வருஷா வருஷம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே? அது தப்பு. அந்த விளம்பரப் படங்கள் 1931-ல்தான் தொடங்கின. அதற்கு முன்பே அமெரிக்கப் பத்திரிகை அட்டைகளில் சிவப்புத் தாத்தா வந்துவிட்டார்.

மீராவின் இப்போதைய பெயர் தெம்ரே. அவர் பெயரிலான பழைய தேவாலயமும் உடைந்த கல் சவப்பெட்டியும் அங்கே இருக்கின்றன. எலும்புகளை 1087-லேயே இத்தாலி மாலுமிகள் எடுத்துப் போய்விட்டார்கள். அவை இப்போது பாரி நகரில்.