தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்த படை அதிகாரி: லின்னேயஸ் டிரைப்

தம்போய் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பூட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டால், திருச்சி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை, மதுரை என்று ஏதாவது ஓர் ஊரின் பெயர் வரும். பூட்டன் ஊரை விட்டுப் புறப்பட்டபோது கையில் படம் எதுவும் இருந்திருக்காது. ஆனாலும் 1858இல் அந்த ஊர்கள் எப்படி இருந்தன என்பதை இன்றும் பார்க்க முடிகிறது. அதற்குக் காரணமானவர், பொழுதுபோக்காகக் கேமராவைக் கையில் எடுத்த ஆங்கிலேயப் படை அதிகாரி லின்னேயஸ் டிரைப்.

டிரைப் 1822 ஏப்ரல் 14ஆம் நாள் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில், பெரிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1838இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊர் திரும்பியிருந்தபோதுதான் புகைப்படக் கலை அவரைப் பற்றிக்கொண்டது. அது அப்போது பிறந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளே ஆன புதுக்கலை. 1853இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். ஒருவர் எடுத்த படத்தை மற்றவர் பார்த்துக் குறை நிறை சொல்வதுதான் அக்காலத்தில் கற்கும் வழி.

1854இல் பெங்களூருக்குத் திரும்பியதும் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்துப் பழகினார். 1855இல் சென்னையில் நடந்த பொருட்காட்சிக்கு 68 படங்களை அனுப்பினார். நடுவர்கள் அவற்றைப் பாராட்டி முதல் தரப் பதக்கம் அளித்தனர். அதுவரை சொந்த விருப்பத்துக்காகப் படமெடுத்தவருக்கு, அரசு வேலையாகவே அது வந்து சேர்ந்தது. அதே ஆண்டு பர்மா மன்னரின் அவைக்குச் சென்ற தூதுக் குழுவில் அவரும் இடம்பெற்றார். பாகன், அமரபுரா ஊர்களை அங்கே படமாக்கினார். பிறகு சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார்.

1857 டிசம்பரில் மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். நான்கு மாதத்துக்கும் மேலான பயணம் அது. ராயக்கோட்டை மலை, ஸ்ரீரங்கம், திருச்சி மலைக்கோட்டை, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று நீண்டது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலோடு வைகை ஆற்றையும் தெப்பக்குளத்தையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் எடுத்தார்.

அன்றைய படவேலை எளிதன்று. ஓரடிக்கும் கூடுதலான நீளமுள்ள தாளில் மருந்து பூசி, பெரிய மரக் கேமராவுக்குள் வைத்து, நீண்ட நேரம் வெளிச்சம் படவிட வேண்டும். வெயிலும் ஈரக்காற்றும் தாளைக் கெடுத்துவிடும். வானம் வெறும் வெள்ளையாகவே பதியும். அந்தக் குறை டிரைப்பை உறுத்தியது. நெகட்டிவின் மீது வண்ணம் தொட்டு மேகத்தைத் தீட்டினார். மரத்தின் இலைகளைச் சீர்செய்தார்.

தஞ்சையில் அவர் செய்த வேலை இன்றும் வியப்பளிக்கிறது. பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் தமிழ்க் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார்.

ஆனால் அந்த வேலை நிலைக்கவில்லை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அரசின் கையிருப்பு கரைந்திருந்தது. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், புகைப்படத்துக்குப் பணம் செலவிடுவது வீண் என்று கருதி அதை நிறுத்தினார். 1860க்குள் எல்லாம் முடிந்தது. டிரைப் படைப் பணிக்கே திரும்பினார். அதன்பின் அவர் கேமராவைத் தொட்டது மிக அரிது. 1902 மார்ச் 2ஆம் நாள் டெவன்போர்ட்டில் காலமானார்.

அந்தக் குறுகிய காலத்தில் எடுத்த படங்கள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் ஒரு குறையும் உண்டு. கோபுரம் இருக்கிறது, குளம் இருக்கிறது, ஆறு இருக்கிறது. மனிதர்கள் மிகக் குறைவு. நடமாடுபவர் அந்தக் கேமராவில் பதியமாட்டார். உழுதவரின் குடிசையைப் படமெடுக்கும்படி அரசும் கேட்கவில்லை. பின்னாளில் பால்மரக் காட்டுக்குக் கப்பலேறிய குடும்பங்களின் முகங்கள் அப்படித்தான் விடுபட்டுப்போயின.

ஜொகூர் பாருவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, காளியம்மன் கோயில் மரத்தடி ஆகியவற்றில் எஞ்சியிருப்பவையும் ஒவ்வொன்றாக மறைகின்றன. டிரைப்புக்கு ஒரு வண்டிச் சாமான் தேவைப்பட்டது. இன்று சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே போதும். லயத்து வாசலில் அந்த வீட்டுப் பாட்டியையும் நிறுத்தி எடுத்தால், டிரைப்பின் படங்களில் இல்லாத முகம் இதிலாவது இருக்கும்.