6174 கண்ட ஆசிரியர்

நண்பர்களே, ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்க எண் ஒன்றை எழுதுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருத்தல் கூடாது. 1947 என்றே வைத்துக்கொள்வோம். இலக்கங்களை இறங்கு வரிசையில் அடுக்கினால் 9741. ஏறு வரிசையில் 1479. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க 8262 வருகிறது. அதையும் அவ்வாறே அடுக்கிக் கழித்தால் 6354; மறுபடியும் 3087; பிறகு 8352; பிறகு 6174. இனி எத்தனை முறை கழித்தாலும் இவ்வெண் அசையாது. 7641-இலிருந்து 1467 போனால் மிஞ்சுவது அதுவேயன்றோ! எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் இங்கே வந்து சேர்ந்தாக வேண்டும். விடை மூன்று இலக்கமாக வந்தால் முன்னே ஒரு சுழியிட்டுக்கொள்ளுங்கள். இதை மறந்து நான் விடுதி நண்பர்களிடம் ஒருநாள் அவமானப்பட்டதுண்டு.

இதைக் கண்டவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், பள்ளி ஆசிரியர். தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர் 1905-ஆம் ஆண்டு, மும்பைக்கு வடக்கே தகாணுவில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தை ஓர் எழுத்தர். சோதிடக் கணக்கில் பெருவிருப்பம் உடையவர். மகனுக்கு எண் பித்து அவ்வழி வந்திருக்கலாம். புனே பெர்குசன் கல்லூரியில் பயின்றபோது, 1927-இல், சொந்தக் கணித ஆய்வுக்காகப் பராஞ்சபே பரிசு பெற்றார். 1929-இல் பட்டம் பெற்றார். மேற்படிப்பு இல்லை. மறு ஆண்டே நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் ஆசிரியராக அமர்ந்தவர், 1962 வரை அவ்வூர்ப் பிள்ளைகளுக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

6174-ஐ அவர் அறிவித்தது நம் சென்னையில், 1949-இல் நடந்த கணித மாநாட்டில்! ஆயினும் கற்றறிந்தோர் பலர் இவற்றை அற்ப விளையாட்டு என்று நகைத்தனர். கட்டுரைகள் சிலவற்றைத் தாமே சிறு பிரசுரங்களாக அச்சிட்டுக்கொண்டார்.

விளையாட்டு என்றே கொள்வோம். அதற்குள்ளும் ஒரு நியாயம் இருக்கிறது. இலக்கங்களை வரிசைப்படுத்தியபின் முதலுக்கும் கடைக்கும் உள்ள வேறுபாட்டை 999-ஆல் பெருக்குங்கள். நடு இரண்டின் வேறுபாட்டை 90-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கழித்து வரும் விடை அதுதான். ஆகவே இரண்டே வேறுபாடுகள் விடையை முடிவு செய்கின்றன. 8991 எண்கள் முதல் கழித்தலிலேயே 54 விடைகளுக்குள் ஒடுங்கிவிடுகின்றன! அந்த 54-ஐயும் ஒவ்வொன்றாகச் சோதித்தால் நிரூபணம் முடிந்தது. பள்ளிச் சிறுவனும் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். ஆனால் அங்கே ஒரு பொருள் இருக்கிறது என்று முதலில் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

கப்ரேகர் எண்கள் என்று பெயர் பெற்ற வேறொரு கூட்டமும் உண்டு. 45-இன் வர்க்கம் 2025. 20-ஐயும் 25-ஐயும் கூட்டினால் மீண்டும் 45. 297-இன் வர்க்கம் 88209. 88-உம் 209-உம் சேர்ந்தால் 297.

1966-இல் மனைவி காலமானார். ஓய்வூதியம் போதவில்லை; தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தே வாழ்க்கையை ஓட்டினார். மார்ட்டின் கார்ட்னர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1975-இல் தம் பத்திரிகைப் பகுதியில் இவரைப் பற்றி எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது கப்ரேகருக்கு எழுபது வயது. 1986-இல் தேவ்லாலியிலேயே மறைந்தார்.

மூன்று இலக்க எண்களுக்கும் இத்தகைய ஓர் எண் உண்டு. அதை நான் சொல்லப்போவதில்லை. உங்கள் தாளில் இன்னும் இடம் இருக்குமே.