டிரெவெலியனும் வருமான வரியும்

கொல்லிமலையிலுள்ள வாசலூர்பட்டியில் ஒருவர் மிளகு பயிரிட்டு எவ்வளவு லாபம் அடைந்தாலும், அதன்மீது மத்திய சர்க்காருக்கு வருமான வரி செலுத்த வேண்டியதில்லை. அவ்வூரிலேயே குறித்த வரம்புக்கு மேல் சம்பளம் பெறுபவரோ செலுத்தியே தீர வேண்டும். இவ்வேற்றுமை நியாயமா, மனிதன் உழைத்துத் தேடிய வருமானத்தில் சர்க்கார் பங்கு கேட்பதுதான் நியாயமா என்னும் விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. நம் நாட்டில் இவ்விவாதம் முதன்முதல் எழுந்தபோது, அதன் பொருட்டுப் பதவியையே இழந்த சென்னை கவர்னர் ஸர் சார்லஸ் டிரெவெலியனின் சரித்திரத்தை வாசகர்கள் அறிந்திருத்தல் நலமென்று கருதுகிறோம்.

1807-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்த டிரெவெலியன், 1826-ல் கம்பெனி உத்தியோகத்தில் சேர்ந்து இந்தியா வந்தார். டில்லியில் தமக்கு மேலதிகாரியாயிருந்த ஸர் எட்வர்டு கோல்புரூக் லஞ்சம் வாங்கினாரென்று அவர் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். விசாரணை நடந்தது, கோல்புரூக் பதவி இழந்தார். மனத்திற்பட்டதை அடக்கி வைக்கும் சுபாவம் டிரெவெலியனுக்கு இல்லை என்பது அன்றே வெளிப்பட்டது. பின்னர் வங்காளத்தில் சரக்குகளுக்கு வழிநெடுக வாங்கப்பட்டுவந்த உள்நாட்டுச் சுங்கங்களின் கொடுமையை ஆராய்ந்து எழுதினார். அச்சுங்கங்கள் ஒழிந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1840 முதல் 1859 வரை லண்டன் பொக்கிஷ இலாகாவின் நிரந்தர அதிகாரிகளுள் தலைமை வகித்தார். சிபார்சை விடுத்துப் பரீட்சையினால் உத்தியோகஸ்தர்களைத் தெரிந்தெடுக்க வேண்டுமென்ற 1854-ம் வருஷத்து அறிக்கையில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. எனினும் அக்காலத்திலேயே அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் மூண்டது. நிவாரண வேலையை மேற்பார்த்தவர் அவரே. சர்க்கார் உதவி மிகுந்தால் ஜனங்கள் சோம்பேறிகளாவார்கள் என்று அவர் எண்ணினார், சிக்கனமே பெரிதாயிற்று. சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். இக்களங்கத்தை நாம் மறைப்பதற்கில்லை.

1859-ல் அவர் சென்னை கவர்னரானார். 1857-ம் வருஷத்து எழுச்சியை அடக்கச் செய்த செலவினால் இந்திய சர்க்கார் கடனில் மூழ்கியிருந்த சமயம் அது. நிதி மந்திரியாக வந்த ஜேம்ஸ் வில்ஸன் 1860 பிப்ரவரியில் வருமான வரி யோசனையை வெளியிட்டார். வருஷ வருமானம் 200 ரூபாய் முதல் 500 ரூபாய்க்குள் இருந்தால் நூற்றுக்கு 2. அதற்கு மேல் நூற்றுக்கு 4. குடியானவன் நிலத்தீர்வை செலுத்துகிறான், ஏழை உப்புக்கு வரி செலுத்துகிறான், பெரிய வியாபாரியும் உத்தியோகஸ்தரும் ஏன் தப்ப வேண்டும் என்பது வில்ஸன் கட்சி. இதில் நியாயமில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

டிரெவெலியனோ, முதலில் ராணுவச் செலவைக் குறையுங்கள் என்றார். ஜனங்களின் வரவை வீடுதோறும் துருவி விசாரிக்கும் வழக்கம் இந்நாட்டுக்குப் பொருந்தாது, அது அதிருப்தியையே விளைக்கும் என்று வாதித்தார். அன்று சட்டசபையில் இந்தியர் ஒருவரேனும் இல்லை என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். இரகசியமாக இருக்க வேண்டிய தம் ஆட்சேபத்தை அவர் பத்திரிகைகளில் வெளியிடச் செய்தார். மேலிடம் பொறுக்கவில்லை. 1860 ஜூனில் அவர் பதவியை விட்டு நீங்கினார். ஜூலையில் வரி சட்டமாயிற்று. ஆகஸ்டில் வில்ஸன் கல்கத்தாவில் காலமானார்.

விதியின் விளையாட்டை என்னென்பது! வில்ஸன் வகித்த அதே நிதிப் பதவிக்கு 1863-ல் டிரெவெலியனே வந்தார். வரி விகிதம் 4-லிருந்து 3 ஆகக் குறைந்தது. 1865-ல் வரியே மறைந்தது. ஆனால் சர்க்காரின் தேவை மறையவில்லை. மீண்டும் வந்து, மீண்டும் போய், 1886-ம் வருஷத்துச் சட்டத்தினால் வருமான வரி நிலைபெற்றது. விவசாய வருமானம் விலக்கப்பட்டதும் அச்சட்டத்தில்தான். வாசலூர்பட்டி மிளகுக்குள்ள விலக்கின் மூலம் இதுவே. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் டிரெவெலியன் இறந்தார்.

இவர் வாழ்க்கை புகட்டும் பாடம் இரண்டு. குரலற்ற ஜனங்கள்மீது வரி சுமத்துவதும், செலவைச் சுருக்காமல் வரியைப் பெருக்குவதும் அநீதி. இதில் டிரெவெலியன் கண்டது உண்மை. ஆனால் குறைவாக வாங்கிக் குறைவாகச் செலவிடும் சர்க்காரே நல்ல சர்க்கார் என்பது அயர்லாந்தில் பொய்த்தது. வருமானத்தை வரியினின்று விடுவித்தால் பாரம் நீங்கிவிடாது; சோப்பும் செருப்பும் வாங்கும் ஏழையின் தோளுக்கு அது மாறும். இன்று வாக்குரிமை நம் கையில் இருக்கிறது. ஆகவே சக்திக்குத் தக்கபடி வரி கேட்கச் சர்க்காருக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்க நமக்கும் உரிமை உண்டு. பின்னதை நாம் மறந்தால் முன்னது வெறும் பறிப்பாகிவிடும்.